பச்சை டிக்கும் முதலாளியின் சட்டைப் பையும்

மருந்துக் கடை கவுண்டரில் முதன்முதலாக நிற்கப்போகும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். மருந்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எதைச் சாப்பாட்டுக்கு முன் கொடுப்பது, எதை ஃப்ரிட்ஜில் வைப்பது என்பதெல்லாம் கல்லூரியிலேயே வந்திருக்கும். வராவிட்டாலும் ஒரு மாதத்தில் வந்துவிடும். நான் எழுதப்போவது பணம் வாங்குவதைப் பற்றி. படிக்கும்போது இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். ஓய்வு பெற்றுவிட்டால் மனசு ஆறிவிடும் என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் பாலக்கரைக்காரி. வேலையில் கடைசிச் சில வருஷங்களை ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்துக்குப் போகிற தெரு ஒன்றில், சின்னதொரு மருந்துக் கடையில் கழித்தேன். கடையில் மருந்தாளுநர் நான். பில் போடுவது கௌசல்யா. திருவெள்ளறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். முதலாளி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து கல்லாவைப் பார்த்துவிட்டுப் போவார்.

எல்லாக் கடையையும் போல எங்கள் கவுண்டரிலும் ஸ்கேன் செய்கிற அட்டை ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. பணம் வந்தால் அது தொகையைச் சொல்லும். சொல்லாத நேரங்களும் உண்டு. சார்ஜ் இறங்கியிருக்கும், அல்லது சிக்னல் இருக்காது. பணம் வந்ததற்கான மெசேஜ் முதலாளியின் போனுக்கு மட்டும்தான் வரும். அந்தப் போன் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். பெட்டி பேசாத நேரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி, பணம் கொடுத்தவர் தன் போனைத் திருப்பிக் காட்டுகிற படம்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகுண்ட ஏகாதசி சமயம் ஸ்ரீரங்கம் எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் நடக்க இடம் இருக்காது. போனில் சிக்னலும் இருக்காது. வரிசையில் நின்று மயங்கினவர்கள், காலில் கொப்புளம் வந்தவர்கள், ஊரிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்துவர மறந்தவர்கள் என்று கடை வாசலில் எப்போதும் பத்துப் பேர். அன்று காலையிலிருந்தே பெட்டி வாயைத் திறக்கவில்லை. போனைக் காட்டுகிறார்கள், நாங்கள் மருந்தைக் கொடுக்கிறோம், அடுத்தவர் வருகிறார்.

மத்தியானம் அந்த ஆள் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை. கழுத்தில் அலுவலகத்து அடையாள அட்டையின் நாடா தெரிந்தது, அட்டை சட்டைப் பைக்குள் போயிருந்தது. கம்பெனிக் குடியிருப்பு இருக்கிற கைலாசபுரத்தில் வீடு என்றான். மாமியார் இங்கே ஸ்ரீரங்கத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார், மனைவி கைக்குழந்தையோடு வந்து தங்கியிருக்கிறாள் என்றான். பெரியவர்களுக்கான டயப்பர், குழந்தைப் பால் பவுடர் டின், சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பாக்கள், புரோட்டீன் பவுடர் என்று வரிசையாகக் கேட்டான். கேட்டதில் ஒரு மாத்திரைகூட இல்லை. எல்லாமே டாக்டர் சீட்டு வேண்டாதது, விலை கூடினது, பிரிக்காமல் அப்படியே வேறு இடத்தில் விற்கக்கூடியது. இது அப்போது எங்கள் மண்டையில் ஏறவில்லை. வீட்டில் ஒரு கிழவியும் ஒரு குழந்தையும் இருந்தால் இதெல்லாம் வேண்டியதுதானே.

பில் ஏழாயிரத்துச் சொச்சம். ஸ்கேன் செய்தான். போனைத் திருப்பிக் காட்டினான். பச்சை டிக், எங்கள் கடைப் பெயர், தொகை, நேரம், எல்லாம் இருந்தது. அவன் போனிலிருந்து ‘டிங்’ என்று சத்தம்கூட வந்தது. கௌசல்யா பெட்டியைப் பார்த்துவிட்டு, இன்னும் சொல்லலையே என்று தயங்கினாள்.

“கூட்டத்துல சிக்னல் இருக்காது சிஸ்டர். பின்னாடி எத்தன பேர் நிக்கிறாங்க பாருங்க,” என்றான்.

பின்னால் நின்றவர்களில் ஒருவர், சீக்கிரம் விடும்மா என்றார். அவள் பைகளைக் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் ஒரு பெரியவருக்கு மாத்திரையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நான் அவள் இடத்தில் நின்றிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மறுநாள் காலை முதலாளி போனைக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்தார். ஏழாயிரத்துச் சொச்சம் வரவே இல்லை என்றார். அந்த மாதிரிப் பொய்ப் படம் காட்டுவதற்கென்றே செயலிகள் இருக்கின்றன, கடைப் பெயரும் தொகையும் சத்தமும் உட்பட நிஜம் போலவே வரும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலாளிக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருடைய மச்சான் கடையில் இதே போல் நடந்ததாம். தெரிந்ததை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை அவருக்கு.

“பச்சை டிக் இருந்துச்சுங்க சார். நம்ம கடைப் பேரும் இருந்துச்சுங்க,” என்றாள் கௌசல்யா.

“காட்டினா குடுத்துடுவீங்களா? எம் போன்லகூட ஒரு கோடி இருக்கிற மாதிரி காட்டுவேன்.”

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பிறகு அந்தத் தொகையை இரண்டு மாதத்துக்குப் பிரித்து அவள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தில் அது பாதிக்கு மேல். கௌசல்யா பில் மெஷினில் காகிதச் சுருளை மாற்ற ஆரம்பித்தாள். சுருள் தீர்ந்திருக்கவில்லை.

நான் அவரிடம் நிதானமாகத்தான் கேட்டேன். பணம் வந்ததா என்று பார்க்கிற போன் எங்கே இருக்கிறது? அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அப்படியானால் கௌசல்யா நேற்று எதைப் பார்த்திருக்க வேண்டும்?

“சந்தேகமா இருந்தா எனக்கு ஒரு போன் போட வேண்டியதுதானே மேடம்.”

போட்டாள். முந்தின நாள் காலையிலேயே இன்னொரு பில்லுக்காகப் போட்டாள். போன் அணைந்திருந்தது. பெருமாளைச் சேவிக்க வரிசையில் நின்றதாக அவரே பிறகு சொன்னார். அதற்கு முந்தின மாதங்களில் கூப்பிட்டபோதெல்லாம், சும்மா சும்மா கூப்பிடாதீங்க என்று எரிந்து விழுந்தவரும் அவர்தான். கவுண்டரில் ஒரு போன் வையுங்கள் என்று நான் முன்பே ஒரு தடவை கேட்டிருந்தேன். கடையில் ஒரு நாளைக்கு என்ன வியாபாரம் என்று வேலை செய்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்றார். அந்தக் கடையின் ஒவ்வொரு பில்லையும் போடுகிறவள் கௌசல்யா. அவளுக்குத் தெரியாத வியாபாரம் என்ன இருக்கிறது?

போலீசில் புகார் கொடுக்கலாம் என்றேன். இதற்கெல்லாம் ஸ்டேஷன் படி ஏறினால் கடைப் பெயர் கெட்டுவிடும் என்றார். ஆக, திருடியவன்மீது புகார் கிடையாது. தண்டனை மட்டும் உண்டு, அது கௌசல்யாவுக்கு.

சாப்பாட்டு நேரத்தில் நான் தெருவில் இறங்கி நடந்தேன். எதிர் வரிசையில் குழந்தைகள் சாமான் விற்கிற கடை இருந்தது. அந்தக் கடைக்காரரிடம், கழுத்தில் நாடா போட்ட ஒருவன் நேற்று வந்தானா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். கடைக்குள் இருந்தவர் வெளியே போகும்வரை காத்திருந்து, பிறகு குரலைத் தாழ்த்தி, மூவாயிரம் போச்சுங்க என்றார். முனையில் பாத்திரக் கடை வைத்திருந்த அம்மாவும் அப்படித்தான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் எங்கள் தெருவில் காலையிலேயே வேலையை ஆரம்பித்திருக்கிறான். முதல் கடைக்காரர் அந்த நிமிஷமே வாய் திறந்திருந்தால் அவன் எங்கள் கடை வரைக்கும் வந்திருக்க மாட்டான். ஏமாந்தவருக்கு வெட்கம். ஏமாற்றினவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டான். எனக்கு அங்கேயே நடுத்தெருவில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் தயவுசெய்து வெட்கப்படாதீர்கள். பக்கத்துக் கடைக்கு உடனே போய்ச் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள், பிறகு புகார் கொடுங்கள்.

கைலாசபுரத்தில் அப்படி ஒரு ஆள் இருக்கிறானா என்று எனக்குத் தெரிந்தவர்களை விசாரித்தேன். அப்படி யாரும் இல்லை. நாடா எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அந்த மாதம் கௌசல்யாவுக்குச் சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டது. மதியம் சாப்பிட டப்பாவைத் திறக்கும்போது முன்பெல்லாம் என்னைக் கூப்பிடுவாள். அந்த நாட்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். ஒரு தடவை மட்டும் சொன்னாள், வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை அக்கா, நான் முட்டாள் என்று அவர் நினைத்துவிடுவார் என்று.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் முதலாளியே பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். திருவானைக்கோவில் பக்கம் கட்டட வேலை செய்கிற ஒரு கொத்தனார், தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கையில் டாக்டர் சீட்டு. குழந்தைக்கு ஆறு வயது இருக்கலாம். மூச்சு இழுக்கிற சத்தம் எனக்கு உள்ளே அலமாரிப் பக்கம் வரை கேட்டது. இன்ஹேலரும், குழந்தைகள் அதை இழுப்பதற்கு மாட்டுகிற குழாயும் எழுதியிருந்தார்கள். எடுத்து வைத்தேன். அவர் ஸ்கேன் செய்து, போனைக் காட்டினார். பெட்டி பேசவில்லை.

முதலாளி தன் போனை எடுத்துப் பார்த்தார். வரவில்லை என்றார். கொத்தனார் மறுபடியும் தன் போனைக் காட்டினார். பணம் கணக்கிலிருந்து போய்விட்டது சார், பாருங்க என்றார்.

“இந்தப் படம் காட்ற வேலையெல்லாம் வேற கடையில வச்சுக்க. போன வாட்டி ஏமாந்தாச்சு,” என்றார் முதலாளி.

அந்த நாடாக்காரன் வந்திருந்தால் அவர் ‘நீ’ என்று பேசியிருக்க மாட்டார். கொத்தனாரின் லுங்கியில் சிமெண்ட் ஒட்டியிருந்தது, அதனால் பேச முடிந்தது. கடையில் நின்ற மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் எல்லோருடைய முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். திருடன் என்று பத்துப் பேர் நினைக்கும்போது ஒருவருடைய முகம் எப்படி ஆகும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்று பார்த்தேன். முதலாளி கை நீட்டி அவர் போனை வாங்கி, பணம் வருகிற வரைக்கும் இது இங்கேதான் இருக்கும் என்று மேசைக்குள் வைத்தார்.

“போனை நீங்களே வச்சுக்குங்க சார். மருந்தை மட்டும் குடுங்க. பாப்பாவால மூச்சு விட முடியல,” என்றார் கொத்தனார்.

நான் மருந்தை எடுத்துக்கொண்டு கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். குழந்தையைப் பெஞ்சில் உட்காரவைத்து, குழாயை மாட்டி, எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டினேன். பின்னாலிருந்து முதலாளி, பணம் வரவில்லை மேடம் என்றார்.

“வரலைன்னா என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க சார். உங்களுக்குத்தான் அது பழக்கமாச்சே.”

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் இழுப்பு தணிந்தது. இருந்தாலும் ராத்திரி மறுபடியும் வந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது முதலாளியின் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வந்ததா சார் என்று நான்தான் கேட்டேன். “ம்” என்றார். மேசைக்குள்ளிருந்து போனை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். கையில்கூடக் கொடுக்கவில்லை. அந்தக் கொத்தனார் போனை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தும் முதலாளியைப் பார்த்தும் கும்பிட்டுவிட்டுப் போனார். அவரைப் பார்த்துக் கும்பிட்டதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த என் பதிவுச் சான்றிதழைக் கழற்றினேன். உங்களுக்கு இது தெரியும். பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவருடைய சான்றிதழ் இல்லாமல் மருந்துக் கடை நடத்த முடியாது. அந்தக் கடை என் பெயரில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதைத் துடைத்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் கழற்றியதில்லை.

முதலாளி எழுந்து நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். கௌசல்யாவிடம் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மீதியைப் பிடிக்கக் கூடாது, பணம் வந்ததைக் காட்டுகிற போன் ஒன்று கவுண்டரில் எப்போதும் இருக்க வேண்டும், இது மூன்றும் நடக்கிற அன்றைக்கு நான் இதைத் திரும்பக் கொண்டுவருகிறேன், நடக்காவிட்டால் மருந்து இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

“மிரட்டுறீங்களா மேடம்?”

“ஆமாங்க சார்.”

வேலை போனால் என் வயதில் வேறு யார் கொடுப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. சான்றிதழை ஒரு பழைய துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, அவசரப்பட்டுவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். ஆனால் இறங்கித் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கவில்லை. மத்தியானம் கௌசல்யா போன் செய்தாள். முதலாளி வீட்டுக்கே வரச் சொல்லிப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டார், கவுண்டருக்குப் புதுப் போன் ஒன்று வாங்கி வந்திருக்கிறார், அதில் பணம் வந்ததை மட்டும் பார்க்கலாம், எடுக்க முடியாது என்றாள். அப்படி ஒரு வசதி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. கேட்டு வாங்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் சான்றிதழைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன். அதன் பிறகு கவுண்டரில் முறையை வைத்தவள் கௌசல்யாதான். வாடிக்கையாளர் போனைத் திருப்பிக் காட்டினால் அவள் அதைப் பார்க்கவே மாட்டாள். “எங்க போன்ல வந்ததும் பையை எடுத்துக்கலாங்க,” என்று ஒரே வாக்கியம். டாக்டர், குருக்கள், காலேஜ் பையன், பூ விற்கிறவர் என்று எல்லோருக்கும் அதே வாக்கியம், அதே குரல். என்னைத் திருடன் என்று நினைக்கிறாயா என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எல்லாருக்கும் இதேதாங்க என்பாள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்ல சட்டை போட்டவர்கள். லுங்கி கட்டியவர்கள் பேசாமல் நின்றார்கள், அவர்களுக்குக் காத்திருந்து பழக்கம்.

பணம் வரத் தாமதமானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நானும் அவளும் பேசி இப்படி முடிவு செய்தோம்: ஆளைப் பார்க்கக் கூடாது, பொருளைப் பார்க்க வேண்டும். மூச்சு மருந்து, இன்சுலின், வலிப்பு மாத்திரை, இவை காத்திருக்க முடியாதவை. பெயரையும் பரிமாற்ற எண்ணையும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டியது. பால் பவுடர் டின் பத்தும் புரோட்டீன் டப்பாவும் காத்திருக்கும். பணம் வந்த பிறகு போகட்டும், நாளைக்கு வேண்டுமானாலும் போகட்டும். அப்படிக் கொடுத்ததில் ஒன்றிரண்டு வராமலும் போயிருக்கிறது. அந்த இழப்பைக் கடை தாங்க வேண்டும். வேலை செய்கிறவர் தாங்கக் கூடாது.

அந்த நாடாக்காரன் பிடிபட்டானா என்று தெரியாது. அவன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கிழவியையும் குழந்தையையும் சொல்லித் திருடினான், அவன் நாசமாய்ப் போகட்டும். ஆனால் அவன் வந்து போனது ஒரே நாள். அவனிடம் ஏமாந்த கோபத்தை முதலாளி யார்மேல் காட்டினார் பாருங்கள். பணத்தைத் தொடாத கௌசல்யாமேல் காட்டினார். பணத்தைக் கொடுத்துவிட்டு நின்ற கொத்தனார்மேல் காட்டினார். ஏமாற்றினவன் கைக்கு எட்ட மாட்டான். எட்டுகிற தூரத்தில் இருக்கிறவர் மாட்டிக்கொள்வார். நாளைக்கு நீங்களும் கவுண்டரில் ஏமாறுவீர்கள். ஏமாந்த மறுநாள் யார் முகத்தைப் பார்த்து எரிந்து விழுகிறீர்கள் என்று கவனியுங்கள். வேலைக்குச் சேருகிற அன்றைக்கு, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பணம் வந்த மெசேஜ் எந்தப் போனுக்கு வரும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற முதலாளியிடம் வேலைக்குச் சேராதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று கடையிலேயே சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். முதலாளி எனக்குச் சால்வை போட்டார். தெருக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து அவர், இந்தத் தெருவிலேயே முதன்முதலாகக் கவுண்டரில் தனிப் போன் வைத்தது நம்ம கடைதான், ஆரம்பத்திலிருந்தே அது என்னுடைய யோசனை, வேலை செய்கிறவர்களை நம்பினால்தான் கடை உருப்படும் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் நின்றேன்.

கௌசல்யா கைதட்டவில்லை. கவுண்டரில் ஒருவர் பணம் அனுப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவள் கவுண்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.